உள்ளவையும் அற்றவையும்

தொடக்கப்பள்ளி வகுப்பு ஒன்றை மனக்கண்ணால் காணுங்கள். விலங்குகளைப் பற்றிய பாடம். ஆசிரியர் பிள்ளைகளை நோக்கி, "உங்கள் கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகின் நடுவே மேலும் கீழுமாகத் தடவிப் பாருங்கள்" என்கிறார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தடவுகிறார்கள். கோத்த மணிகளைப் போலச் சிறு சிறு முடிச்சுகள் விரலில் தட்டுப்படுகின்றன. "அதுதான் முதுகெலும்பு. பசுவுக்கும் உண்டு, காக்கைக்கும் உண்டு, தவளைக்கும் மீனுக்கும் உண்டு. மண்புழுவுக்கு இல்லை, நண்டுக்கு இல்லை, பட்டாம்பூச்சிக்கும் இல்லை" என்று அவர் சொல்லி முடிக்கிறார். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்புறம் உள்ளவை, வலப்புறம் அற்றவை. பத்து நிமிடங்களில் பாடம் முடிந்துவிடுகிறது.

நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் தேர்வில் பாம்பை வலப்புறத்தில் எழுதிவிட்டேன். இப்படி வளைந்தும் நெளிந்தும் சுருண்டும் கிடக்கும் ஒன்றுக்கு எலும்பு எவ்வாறு இருக்க இயலும் என்பது என் வாதம். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினாரேயன்றி, ஏன் என்று சொல்லவில்லை. பின்னாளில்தான் அறிந்தேன்: பாம்பின் முதுகில் இருநூறு முதல் நானூறு வரையில் முள்ளெலும்புகள் உள்ளன. குழந்தையாய்ப் பிறக்கும் மனிதனுக்கோ முப்பத்துமூன்றே. எலும்பு இல்லாததால் பாம்பு வளையவில்லை. எலும்புகள் அத்தனை இருப்பதால்தான் வளைகிறது. ஆமையை வலப்புறத்தில் எழுதும் பிள்ளைகளும் உண்டு. ஆமையின் முதுகெலும்போ ஓட்டின் உட்புறத்தில் அதனோடு ஒன்றாய் இணைந்திருக்கிறது. மொழியும் நம்மை ஏமாற்றுகிறது. நட்சத்திர மீன் மீனன்று. சொறி மீனும் மீனன்று. கடல் அட்டை நம் வயல்வரப்பில் காணும் அட்டைக்கு உறவுமன்று. கடலில் வாழ்வன எல்லாம் மீன், ஊர்வன எல்லாம் புழு என்று கொண்ட பழைய வழக்கு அது. அவ்வழக்கு நம்முடையது மட்டுமன்று. உலகின் பெரும் அறிஞர்கள் பலரும் அதிலிருந்து விடுபட நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கரும்பலகைக் கோட்டின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பத்து நிமிடத்தில் எழுதப்படும் அக்கோட்டை இழுக்க மனித இனத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், மெய்யியல் ஆசான் என்றே பலராலும் அறியப்படுபவர். லெஸ்பாஸ் என்னும் தீவின் கரையில் அமர்ந்து, மீனவர் கொணர்ந்த கணவாயையும் நண்டையும் அறுத்துப் பார்த்தவரும் அவரே. அவர் விலங்குகளைக் குருதி உடையவை, குருதி அற்றவை என இரண்டாகப் பகுத்தார். குருதி என அவர் கருதியது செந்நிறக் குருதியை. குருதி அற்றவற்றையும் அவர் ஒரே குவியலாகக் கொட்டிவிடவில்லை. கணவாய் போன்ற மெல்லுடல் உயிர்கள், நண்டு இறால் போன்ற மென்தோட்டு உயிர்கள், சங்கு சிப்பி போன்ற வன்தோட்டு உயிர்கள், உடல் துண்டுபட்ட பூச்சிகள் என நால்வகையாக்கினார். குருதி உடையவற்றுக்கெல்லாம் முதுகெலும்பும் உண்டு என்பதையும் அவர் எழுதிவைத்தார். உண்மை அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. ஆனால் அவர் பற்றியது எலும்பை அன்று, குருதியை. குருதியின் நிறமோ நம்பத்தகுந்த சான்றன்று. தோட்டத்து மண்ணைக் கிளறி ஒரு மண்புழுவை எடுத்துப் பாருங்கள். அதன் குருதி சிவப்பு. அரிஸ்டாட்டிலின் கோட்டை மண்புழு ஒன்றே அழித்துவிடும்.

தமிழ் மாணவர்கள் இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் மரபியலை நினைப்பது இயல்பு. அங்கே உயிர்கள் அறிவின் எண்ணிக்கையால் அடுக்கப்பட்டுள்ளன. புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் முரளும், அதாவது நத்தை சிப்பி போன்றவை, ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்குகள் ஐயறிவு, மக்கள் ஆறறிவு. இதனைக் கொண்டு விலங்கியலை நாமே முதலில் கண்டோம் என்று மார்தட்டுவது தகாது. புலன்களை எண்ணுவது வேறு. உடலை அறுத்து அமைப்பை ஒப்பிடுவது வேறு. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். முதுகெலும்பு உடைய விலங்குகள் அனைத்தையும் ஒரே படியில் நிறுத்திய அந்நூல், அஃது இல்லாத சிற்றுயிர்களுக்கு மூன்று படிகளை ஒதுக்கியிருக்கிறது. நத்தையும் எறும்பும் நண்டும் ஒன்றல்ல என்னும் அளவுக்கு யாரோ அவற்றை உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. செடிகளைப் பொறுத்தவரை அவரை வெல்ல ஆளில்லை. விலங்குகளைப் பற்றிய அவருடைய பட்டியலின் பத்தாம் பதிப்பு 1758-இல் வெளிவந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட விலங்கினங்களுக்கு அதில் இரட்டைப் பெயர் இட்டார். வகுப்புகளோ ஆறே: பாலூட்டிகள், பறவைகள், நீர்நில வாழ்விகள், மீன்கள், பூச்சிகள், புழுக்கள். முதல் நான்கும் ஒருவாறு ஒழுங்கானவை. ஐந்தாவதில் நண்டும் சிலந்தியும் தேளும் பூச்சி எனப் பெயர் பெற்றன. ஆறாவதாகிய "புழுக்கள்" இருக்கிறதே, அதனை வீட்டின் பின்கட்டில் உள்ள தட்டுமுட்டுச் சாமான் அறைக்கு ஒப்பிடலாம். எங்கே வைப்பது என்று தெரியாத எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. மண்புழு, நத்தை, கணவாய், நட்சத்திர மீன், பவளம் யாவும் புழு! வடகடல்களில் வாழும் மிக்ஸின் என்னும் விலாங்கு போன்ற பிராணியையும் அவர் புழுக்களிலேயே சேர்த்துவிட்டார். அது முதுகெலும்பிகளைச் சேர்ந்ததென்று இன்று நாம் அறிவோம்.

1788-இல் செருமானிய அறிஞர் பாட்ஷ் என்பவர், முதல் நான்கு வகுப்புகளையும் சேர்த்து எலும்பு விலங்குகள் என ஒரு பெயர் தந்தார். ஆயினும் பின்கட்டு அறையைத் திறந்து ஒழுங்குபடுத்த யாரும் முன்வரவில்லை. அந்த வேலை எதிர்பாராத விதமாக ஒருவர் தலையில் வந்து விழுந்தது. அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ழான் பாப்டிஸ்ட் லாமார்க் 1744-இல் பிரான்சின் வடபகுதியில், பெருமை மிகுந்து பொருள் குறைந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். பதினேழாம் வயதில் படையிற் சேர்ந்து போர்க்களம் கண்டார்; உடல்நலம் கெட்டு விலகினார்; பின்னர்ச் செடிகொடிகளின்பால் மனம் சென்றது. பிரான்சு நாட்டுத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூலால் அறிவியற் கழகத்தில் 1779-இல் இடம் கிடைத்தது. பாரிசில் இருந்த அரச தோட்டத்தில் குறைந்த ஊதியத்துக்கு உலர்செடித் தொகுப்பைக் காத்துவந்தார். அப்போது புரட்சி வந்தது. அரசர் போனார். ஆனால் தோட்டம் போகவில்லை. 1793 ஜூன் மாதத்தில் புரட்சி அரசு அதனை இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றிப் பன்னிரண்டு பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தியது. செடியியல் பதவிகள் வேறு இருவருக்குச் சென்றன. பாலூட்டிகளும் பறவைகளும் இருபத்தொரு வயது இளைஞர் ழோஃப்ருவா சேன்ட் இலேருக்குக் கிடைத்தன. எஞ்சியிருந்தது, பூச்சிகளும் புழுக்களும் நுண்ணுயிர்களும். அதாவது லின்னேயஸின் பின்கட்டு அறை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த லாமார்க்குக்கு அது கொடுக்கப்பட்டது. கிளிஞ்சல் சேர்க்கும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. அதைத் தவிர அத்துறையில் அவர் பாடம் நடத்தியவர் அல்லர்.

வேறொருவராயின் மனம் நொந்திருப்பார். அல்லது பழைய பட்டியலைப் படித்துவிட்டு ஊதியம் பெற்றிருப்பார். லாமார்க் மறு ஆண்டிலேயே விரிவுரையைத் தொடங்கினார். பெட்டி பெட்டியாய்க் கிடந்த சிப்பிகளையும் பவளங்களையும் சாராயப் புட்டிகளில் மிதந்த பிராணிகளையும் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தார். இவற்றையெல்லாம் குறிக்க ஒரு பொதுப்பெயர் வேண்டியிருந்தது. குருதி அற்றவை எனக் கூற இயலாது. வெள்ளைக் குருதி உடையவை எனினும் பொருந்தாது. எனவே "முதுகெலும்பற்ற விலங்குகள்" என்றார். உலகின் எல்லாப் பள்ளிகளிலும் கரும்பலகையின் வலப்புறத்தில் எழுதப்படும் சொல் அவ்வாறு பிறந்தது.

அக்காலத்தில் இன்னொருவரும் அதே அறைக்குள் நுழைந்தார். குவியே என்னும் இளைஞர் நார்மண்டிக் கடற்கரையில் ஆசிரியராய் இருந்தபோதே கடலுயிர்களை அறுத்துப் பழகியவர். பாரிசுக்கு வந்த அவர், 1795-இல், பூச்சி புழு என்னும் இரண்டு வகுப்புகளையும் உடைத்து ஆறாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை படித்தார். லாமார்க் அவரினும் இருபத்தைந்து ஆண்டு மூத்தவர்; ஆயினும் இளைஞர் சொன்னதை ஏற்பதில் அவருக்குத் தயக்கமில்லை. அதனை மேலும் திருத்தி, 1801-இல் தம் நூலில் ஏழு வகுப்புகளைத் தந்தார். 1809-இல் பத்தாக உயர்த்தினார். நண்டு பூச்சியினின்று பிரிந்தது. எட்டுக்கால் சிலந்தி தனிவகுப்பாயிற்று. செங்குருதி ஓடும் மண்புழுவும் அட்டையும் வளையப்புழுக்கள் எனத் தனித்து நின்றன. முதுகெலும்பு உள்ளவற்றுக்கு நான்கு வகுப்புகள், அற்றவற்றுக்குப் பத்து. எண்ணிக்கையைப் பாருங்கள்! மேன்மையான விலங்குகள் என நாம் போற்றுபவை உயிருலகின் சிறிய மூலைதான் என்பது அப்போதே புலப்படத் தொடங்கிவிட்டது. இன்று அறிவியலார் பெயரிட்டுள்ள விலங்கினங்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்பற்றவை.

எனக்கு இதில் ஒரு குறை தோன்றுகிறது. "அற்றவை" என்பது ஒரு பெயராகுமா? ஓர் ஊரில் ஒரு செல்வர் வீடு இருக்க, மற்ற வீடுகளை எல்லாம் "மாடியில்லா வீடுகள்" என்று அழைப்பது போன்றது இது. எதனை உடையன என்று சொல்லாமல் எதனை இழந்தன என்று சொல்லுவது. அவை எதனையும் இழக்கவுமில்லை; அவற்றுக்கு அது ஒருகாலும் இருந்ததில்லை. பெயரில் இக்குறையை வைத்த அதே லாமார்க்தான் அவ்வுயிர்களுக்குத் தம் வாழ்நாளின் பின்பாதி முழுவதையும் கொடுத்தார் என்பது வியப்பு. எளிய நுண்ணுயிர் தொடங்கிப் படிப்படியாய் உடலமைப்பு சிக்கலாகிவருவதை அவ்வரிசையில் கண்டே, உயிரினங்கள் நிலையானவை அல்ல, காலப்போக்கில் மாறுகின்றன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். மாறுதல் எவ்வாறு நிகழ்கிறது என அவர் கூறிய விளக்கம் நிற்கவில்லை. மாறுகின்றன என்பது நின்றது.

முதுகெலும்பற்ற விலங்குகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1815 முதல் 1822 வரையில் ஏழு தொகுதிகளாய் வெளிவந்தது. அதற்குள் அவர் கண்ணொளி போய்விட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கியதே காரணம் என்பாரும் உளர். கடைசிப் பகுதிகளை அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். 1829 டிசம்பரில் அவர் மறைந்தபோது அடக்கத்துக்கு நிலையான இடம் வாங்கக் குடும்பத்தாரிடம் பணமில்லை. சில ஆண்டுகளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த குழியில் உடல் வைக்கப்பட்டது. தவணை முடிந்ததும் எலும்புகள் அகற்றப்பட்டன. எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. புகழின் உச்சியில் இருந்த குவியே அவரைப் பற்றி எழுதிய இரங்கலுரையில் பாராட்டைவிட ஏளனமே மிகுதி. குவியேயும் இறந்தபின், 1832-இல் அது கழகத்தில் படிக்கப்பட்டது. 1909-இல் அந்தத் தோட்டத்திலேயே லாமார்க்குக்குச் சிலை வைத்தார்கள்.

இனிக் கோட்டின் இருபுறமும் உள்ளவற்றுக்கு இடையே உறவு உண்டா என்னும் வழக்குக்கு வருவோம். குவியே 1812-இல் விலங்குலகை நான்கு பெரும்பிரிவுகளாக்கினார்: முதுகெலும்பிகள், மெல்லுடலிகள், கணுவுடலிகள், ஆரையுடலிகள். நரம்புமண்டலத்தின் அமைப்பே அவர் கொண்ட அளவுகோல். நான்கும் நான்கு தனிக்கோட்டைகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாயிலே கிடையாது என்றார். முன்பு கூறிய ழோஃப்ருவாவோ எல்லா விலங்குகளும் ஒரே திட்டத்தின் மாற்று வடிவங்கள் என்று நம்பியவர். 1822-இல் அவர் கடல் இறால் ஒன்றை மல்லாத்திப் போட்டுப் பார்த்தார். நம் உடலில் நரம்புத்தண்டு முதுகுப்புறம், குடல் வயிற்றுப்புறம். இறாலில் நரம்பு வயிற்றுப்புறம். மல்லாத்தினால் வரிசை நம்முடையதாகிவிடுகிறது! பலர் சிரித்தார்கள். பூச்சி தன் முள்ளெலும்புக்கு உள்ளேயே வாழ்கிறது என்றும் அவர் சொல்லியிருந்ததால், சிரித்தவர்களை முழுதும் குறைகூறவும் இயலாது.

1830 பிப்ரவரியில் வழக்கு முற்றியது. கணவாயின் உடலமைப்பை முதுகெலும்பியின் உடலோடு ஒப்பிட்ட இரு இளைஞர்களின் கட்டுரையை ழோஃப்ருவா கழகத்தில் புகழ்ந்து பேச, குவியே வரைபடங்களோடு எழுந்து மறுத்தார். முதுகெலும்பியை இரண்டாய் மடித்தாலும் கணவாயின் உறுப்புகள் அந்த இடங்களில் வாரா என்று காட்டினார். வாரக்கணக்கில் வாதம் நீண்டது, நாளிதழ்கள் எழுதின, பொதுமக்கள் கூடினர். அவ்வாண்டு ஜூலையில் பாரிசில் மீண்டும் புரட்சி வெடித்தது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் அச்செய்தி செருமனியின் வைமார் நகரை எட்டியபோது, எண்பது வயதுக் கவிஞர் கெதே தம்மைக் காண வந்த சோரேயிடம் பாரிசில் எரிமலை வெடித்ததைப் பற்றி ஆர்வத்தோடு கேட்டாராம். சோரே அரசியலைப் பற்றிப் பேசத் தொடங்க, கெதே தாம் சொன்னது கழகத்தில் நடந்த விலங்கியல் வாதத்தை என்றாராம். அன்றைய வாதில் குவியேதான் வென்றார் என்று பெரும்பாலோர் கருதினர். கணவாய்ச் செய்தியில் அது நேர்மையான வெற்றியே.

ஆனால் கோட்டையின் மதிலில் ஓட்டை இருந்தது. 1774-இல் பல்லாஸ் என்னும் அறிஞர், இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலிருந்து வந்த சிறு பிராணி ஒன்றைக் கண்டு ஓடில்லா நத்தை எனப் பெயரிட்டார். ஆம்பியாக்ஸஸ் என இன்று நாம் அழைக்கும் அது, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளமுள்ளது. ஒளி ஊடுருவும் உடல். மணலில் பாதி புதைந்து வாழும். எலும்பு ஒன்றேனும் அதற்கில்லை. ஆயினும் உடலின் நீளமெங்கும் நெகிழ்வான ஒரு தண்டு ஓடுகிறது. முதுகுநாண் என்பது அதுவே. கருவில் இருந்தபோது உங்களுக்கும் எனக்கும் அது இருந்தது. அதனைச் சுற்றியே நம் முதுகெலும்பு உருவாயிற்று.

இரஷ்ய அறிஞர் கவலெவ்ஸ்கி 1866-இல் இன்னும் பெரிய வியப்பைக் கொணர்ந்தார். பாறையிலும் கப்பலின் அடியிலும் தோற்பை போல ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீச்சும் அசிடியா என்னும் உயிரைக் கண்டிருப்பீர்கள்; அல்லது காண்பீர்கள். லின்னேயஸுக்கு அது புழு. பலருக்கு அது சிப்பியின் உறவு. கவலெவ்ஸ்கி அதன் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சைக் கவனித்தார். அது தலைப்பிரட்டை போன்று வாலடித்து நீந்துகிறது, வாலில் முதுகுநாண், அதன்மேல் நரம்புக்குழாய். சிறிது காலம் நீந்தியபின் தலையைப் பாறையில் ஒட்டிக்கொள்கிறது. வாலையும் நாணையும் தன்னுள்ளேயே கரைத்துக்கொண்டு பையாகி விடுகிறது. இளமையில் நம் சுற்றத்தார், முதுமையில் தோற்பை! டார்வின் 1871-இல் மனிதனின் தோற்றத்தைப் பற்றி எழுதிய நூலில் இக்கண்டுபிடிப்பைப் போற்றி எடுத்தாண்டார். 1880-இல் பால்ஃபர் என்னும் ஆங்கில அறிஞர் முதுகுநாணுள்ளவை என்னும் பெரும்பிரிவை நிலைநாட்ட, முதுகெலும்பிகள் அதனுள் ஒரு கிளையாய் அடங்கின.

கரும்பலகைக் கோடு அன்றே நகர்ந்துவிட்டது. அசிடியாவுக்கு முதுகெலும்பு இல்லை, ஆகவே வலப்புறம். ஆனால் அது நண்டைவிடவும் நத்தையைவிடவும் நமக்கே நெருங்கியது. 2006-இல் வெளியான மரபணு ஆய்வு, ஆம்பியாக்ஸஸைவிடவும் அதுவே நமக்கு அண்மை உறவு என்று காட்டியது. நட்சத்திர மீனும் நண்டைவிட நமக்கே நெருக்கம். ஆதலின் "முதுகெலும்பற்றவை" என்பது ஒரு குலத்தின் பெயரன்று; பல குலங்களை ஒன்றாய்க் கட்டிய மூட்டை. ழோஃப்ருவாவின் மல்லாந்த இறாலும் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் எழுந்து உட்கார்ந்தது: ஈயின் முதுகுப்புறத்தை வகுக்கும் மரபணுவும் தவளையின் வயிற்றுப்புறத்தை வகுக்கும் மரபணுவும் உறவுடையன என்று கண்டனர். தென்மேற்குச் சீனாவில் 52 கோடி ஆண்டு பழைமையான பாறைகளில், விரல்கணு நீளமே உள்ள தொன்மையான மீன்வடிவங்கள் கிடைத்ததை 1999-இல் அறிவித்தனர். நம் முதுகின் மணிக்கோவைக்கு அவ்வளவு பழைய தொடக்கம்.

அப்படியானால் தொடக்கப்பள்ளி ஆசிரியர் அந்தக் கோட்டை இழுக்கலாமா? இழுக்கட்டும். தன் முதுகைத் தானே தடவிப் பார்த்து அறியும் பாடத்துக்கு நிகரான பாடம் குறைவு. ஆனால் வலப்புறத்தில் "அற்றவை" என்று எழுதியதும் கையைத் துடைத்துவிடாமல், மண்புழுவுக்கு என்ன இருக்கிறது, நண்டுக்கு என்ன இருக்கிறது என்றும் அவர் கேட்க வேண்டும். பாம்பை வலப்புறத்தில் எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையோடு ஒரு விளக்கமும் தரவேண்டும்.

இக்கதையின் எஞ்சிய பாத்திரம் ஒன்று நம் கரையிலேயே உண்டு. பாம்பனுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவு இருக்கிறது. அதன் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் தனி நூலே வெளியிட்டது. அத்தீவின் மணலில் பலனோகிளாசஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு புழு வாழ்கிறது. 1880-களில் பேட்சன் என்னும் அறிஞர் இவ்வகைப் புழுவை முதுகுநாணுள்ளவற்றோடு சேர்த்தார். அதன் வாய்க்கருகில் உள்ள சிறு தண்டு முதுகுநாண்தான் என அவர் கருதியதைப் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை; இன்று அதனை நட்சத்திர மீன் குடும்பத்துக்கு அருகில் வைக்கிறார்கள். மென்மையான உடல், எடுத்தால் அறுந்துவிடும், மருந்துக்கடை மணம் ஒன்று வீசும். தொண்டையின் இருபுறமும் வரிசையாகப் பிளவுகள் இருக்கும், மீனின் செவுள்களைப் போல, கருவில் நமக்குத் தோன்றி மறையும் மடிப்புகளைப் போல. கடல் வற்றும் வேளையில் மணலின்மேல் முறுக்குப் போலச் சுருண்டு கிடக்கும் மண்கழிவைக் கண்டால், அதன் அடியில் அது இருக்கிறது என்று அறியலாம்.